மருந்தின் அளவு

மொன்றியல்,
12.05.2024

அன்புள்ள கிறேஸ் அக்காவுக்கு,

தம்பி அருமைராசா எழுதுவது. தவக்காலத்தில் மடத்திலிருந்து கடிதம் வெளியே வராது என்று தெரிந்தும் தபால் பெட்டியை எட்டிப் பார்த்தபடிதான் இருந்தேன். நீங்கள் அந்த அடைப்பு மடத்துக்குள் போய் முப்பத்தாறு வருடமாகிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. நானும் றெஜினாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். மகள் ஷெரோனும் மருமகன் டிலக்ஷனும் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் சுகமாக இருக்கிறார்கள். உங்கள் முழங்கால் நோ எப்படி?

றெஜினாவுக்கு ஆஸ்பத்திரியில் இப்போதும் பின்னேர வேலைதான். நான் விடிய ஐந்து மணிக்கே துறைமுகத்துக் களஞ்சியத்தில் பாரம் தூக்குகிற போக்லிப்ட் வண்டியில் ஏறிவிடுவேன். நான் வீட்டுக்கு வர அவள் போய்விடுவாள். ஞாயிறு பூசையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் ஒழுங்காகப் பார்க்கிறோம். முப்பது வருடம் சண்டையில்லாமல் குடும்பம் நடத்துகிற வித்தை இதுதான்.

என் கவலை வேறு. வேலைத்தலத்து நண்பன் ஜில்லோடு நவம்பர் மாதத்தில் மான் வேட்டைக்குப் போகிறது உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடமாகப் போகிறேன். இந்த முறை டிலக்ஷனும் சேர்கிறான். வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டான். "மாமா, நானும் உங்களோடை வாறன்" என்று அவன் கேட்டபோது மகன் இல்லாத எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் துவக்கு என்னைக் கைவிட்டுவிட்டது. போன வருடம் இரண்டு மானைத் தவறவிட்டேன். பனி கரைந்த நாள் தொடக்கம் சனிக்கிழமைதோறும் சுடுதிடலுக்குப் போகிறேன். நூறு மீற்றரில் கடதாசி கட்டி மூன்று வெடி வைப்பேன். முன்பெல்லாம் மூன்று துளையையும் ஒரு முட்டையால் மறைக்கலாம். இப்போது சோற்றுக் கோப்பை வேண்டியிருக்கிறது. நான் பாவித்த தோட்டா கடைகளில் வருவதில்லை, அதுதான் காரணம். நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி என்று மூன்று கம்பனித் தோட்டா வாங்கிப் பார்த்தேன். சன்னம் பாரம் கூடினதும் பார்த்தேன், குறைந்ததும் பார்த்தேன். துவக்குக்குத் துவக்கு வாய் ருசி வேறு என்கிறான் ஜில். என் துவக்குக்கு ஒன்றும் இறங்கவில்லை.

இவ்வளவு எழுதவே கை உளைகிறது. எங்களுக்காகச் செபியுங்கள்.

உங்கள் தம்பி,
அருமை

*

இயேசு மரி சூசை
03.06.2024

அன்புத் தம்பி அருமைக்கு,

அக்காவின் ஆசீர். முழங்கால் எனக்கு முன்னரே மோட்சத்துக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறது. மற்றபடி சுகம். றெஜினாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லு.

முதலில் ஒரு கண்டிப்பு. இங்கே வருகிற கடிதமெல்லாம் மடத்துத் தலைவி மதர் வாசித்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். உன் கடிதத்தில் 'துவக்கு', 'தோட்டா', 'வெடி' என்று பென்சிலால் கோடு கீறி, "உங்கடை தம்பி கனடாவில என்ன வேலை செய்யிறார், சிஸ்டர்?" என்று கேட்டார். வேட்டை என்று விளங்கப்படுத்தினேன். நாட்டு நிலைமை உனக்குத் தெரியும். அந்தச் சொற்களை இனி எழுதாதே. ஜில் என்றும் ஒரு மனிதனுக்குப் பெயரா என்று வேறு கேட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்று கம்பனிக்காரரும் ஒரேயடியாகப் பிழை விட்டார்களா?

இன்னொன்று. உன் எழுத்து ஏன் இப்படிச் சின்னனாகிவிட்டது? 'அன்புள்ள அக்கா' நல்ல வடிவாகத்தான் தொடங்குகிறது. வரி போகப்போக ஒடுங்கி, பக்கத்தின் அடியில் எறும்பாகிவிட்டது. கடைசிப் பந்தியைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன். கனடாவில் கடதாசிக்குத் தட்டுப்பாடோ?

மரியாயின் மாசற்ற இருதயத்தில்,
அக்கா கிறேஸ்

*

மொன்றியல்,
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மதருக்கு என் வணக்கம்.

கடையில் வாங்கினதெல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைச் சரக்கு எல்லாருக்கும் பொதுவாகச் செய்வது, உனக்கென்று அளந்து செய்தால்தான் சரிவரும் என்கிறான் ஜில். லொங்குய்யில் அவனுடைய வீட்டு நிலவறையில் அதற்கான கருவிகள் எல்லாம் இருக்கின்றன. மருந்தின் அளவுதான் முக்கியம். பவுண் நிறுக்கிற தராசு போல ஒன்று வைத்து மஞ்சாடிக் கணக்கில் நிறுக்கிறான். கூடினால் உயிருக்கே ஆபத்து. குறைந்தாலும் சரிவராது. ஐந்து அளவில் செய்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, எது பிடிக்கிறதோ அதிலேயே நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

றெஜினாவுக்கு இதெல்லாம் விபரமாகச் சொல்லவில்லை. நீங்களும் எழுதவேண்டாம்.

தம்பி,
அருமை

*

இயேசு மரி சூசை
22.07.2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீரும் கோபமும்.

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் சிலுவை போட்டுக்கொண்டேன். கடைசியில் மருந்து எடுக்கச் சம்மதித்துவிட்டாய் என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் நிலவறை கண்ணில் பட்டது. யார் இந்த ஜில்? உன்னோடு களஞ்சியத்தில் வேலை செய்கிறவன் என்றல்லவா நினைத்தேன். நாட்டு வைத்தியனா? நிலவறையில் மருந்து காய்ச்சுகிறவனிடம் போய் உயிரைக் கொடுக்கப் போகிறாயா? உங்கள் வீட்டைச் சுற்றி ஆஸ்பத்திரி என்று நீயே எழுதியிருக்கிறாய். மனைவி வேலை செய்வது ஆஸ்பத்திரியில். உனக்குப் பைத்தியமா?

கேள். இங்கே வயதான சகோதரி ஒருவருக்கு நடுக்கு வாதம். மூன்று வருடமாக நான்தான் நேரத்துக்கு மருந்து கொடுக்கிறேன், உடுப்புப் பூட்டுகிறேன். அவருக்கும் முதலில் எழுத்துத்தான் சிறுத்தது. கை நடுங்கத் தொடங்கியது பிறகு. உன் மே மாதக் கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து அது என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. கூடம் கோணல் என்று பகிடி விட்டதும் அதை மறைக்கத்தான்.

நடுக்கம் என்று நீ எழுதவில்லைதான். மருந்து என்று எழுதிவிட்டாயே. எந்தக் கை? எவ்வளவு நாளாக? உண்மையான வைத்தியர் யாரையாவது பார்த்தாயா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது.

கண்ணீரோடு,
அக்கா கிறேஸ்

*

மொன்றியல்,
18.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மடு மாதா திருநாளை இங்கேயும் கொண்டாடினோம். உங்கள் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். எல்லோரும் சுகம். ஷெரோன் ஒரு மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று நேற்றுத்தான் சொன்னாள். றெஜினா நிலத்தில் நிற்கவில்லை.

மதர் பொறுத்துக்கொள்ளவேண்டும், இந்தக் கடிதத்தில் சொல்லை மறைக்க முடியாது. அது வெடிமருந்து, அக்கா. துவக்குக்கு. நீங்கள் அந்தச் சொற்களை எழுதாதே என்றதால் மருந்து என்று மட்டும் எழுதினேன், நீங்கள் எனக்குக் குடிக்கத் தந்துவிட்டீர்கள். பழைய தோட்டாக் கோதைச் சுத்தம் பண்ணி, புது மருந்து நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை அமர்த்துகிற வேலை அது. உங்கள் கடிதத்தைப் பேருந்தில் வாசித்து, பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தேன்.

இனி நல்ல செய்தி. நாலாவது அளவு பிடித்துவிட்டது. போன சனிக்கிழமை துவக்கு சுட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நூறு மீற்றரில் மூன்று சன்னமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போயிருக்கின்றன. ஒரு டொலர்க் குத்திக் காசால் மூடலாம். அந்தக் கடதாசியை மடித்து வைத்திருக்கிறேன். ஆகவே கவலையை விடுங்கள்.

எழுத்துச் சின்னனானதற்குக் காரணம் பேனை.

அன்புத் தம்பி,
அருமை

*

இயேசு மரி சூசை
08.09.2024

அன்புத் தம்பிக்கு,

மாதாவின் பிறந்தநாள் வாழ்த்து. ஷெரோனுக்கு என் முத்தம். பிள்ளைப்பேறு நல்லபடி நடக்க ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறேன்.

மருந்துக் கதையைக் கேட்டு மடமே சிரித்தது. மதர் சிரித்ததை நான் கண்டது இது இரண்டாம் முறை. நானும் சிரித்தேன். பிறகு உன் கடிதத்தை என் அறையில் இருந்து திரும்பவும் வாசித்தேன்.

மூன்று கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். மே மாதத்தில் 'மூன்று வெடி வைப்பேன்' என்று எழுதினாய். இப்போது 'துவக்கு சுட்டது' என்று எழுதுகிறாய். துவக்கு தானாகச் சுடாது, அருமை. அந்த மூன்றையும் சுட்டது ஆர்?

அக்கா

*

மொன்றியல்,
29.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜில்தான் சுட்டான்.

அதே கதிரை, அதே துவக்கு, ஒரே நாளில் செய்த தோட்டா. அவன் எழும்பி எனக்கு இடம் விட்டான். நான் ஆறு வெடி வைத்தேன். அதில் இரண்டு, கடதாசியிலேயே படவில்லை. அவன் துவக்கைக் கையில் எடுத்து, "துவக்கில பிழையில்லை" என்று பிரெஞ்சில் சொன்னான். அவனுக்கு முன்னமே தெரியும். ஜூலையில் நிலவறையில் மருந்தைச் சின்னக் கரண்டியால் தராசுத் தட்டில் போடச் சொன்னான். மேசையெல்லாம் கடுகு சிந்தினாற்போல் சிந்திவிட்டேன். தூரிகையால் கூட்டி எடுத்தான். அடுத்த கிழமை நான் போகும்போது எல்லாம் நிறுத்து வைத்திருந்தான்.

வலது கை. ஒன்றரை வருடம். வைத்தியரைப் பார்க்கவில்லை. மூன்றுக்கும் பதில் தந்துவிட்டேன்.

சும்மா இருக்கும்போதுதான் ஆடும். ஏதாவது பிடித்தால் கொஞ்ச நேரம் அடங்கி நிற்கும். பத்து எண்ணுவதற்குள் திரும்பவும் தொடங்கும். பூசையில் கையை ஜக்கற் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொள்கிறேன். றெஜினா ஆஸ்பத்திரியில் இந்த வருத்தக்காரருக்குத்தான் சோறு தீத்துகிறாள், கழுவுகிறாள். ஒரு முழு நாள் நான் அவளோடு இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் சுடுதிடல், ஜில் வீடு என்று எங்காவது போய்விடுகிறேன்.

வைத்தியரிடம் போனால் இந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் எழுதுவார். எழுதினால் போக்லிப்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், கார் ஓடவும் விடமாட்டார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் கிடக்கிறது. அறுபது வயதில், உடைந்த பிரெஞ்சோடு, நடுங்குகிற கையோடு யார் எனக்கு வேலை தருவான்? வேட்டைக்குப் போகாமல் விடவும் முடியாது. பதினொரு வருடம் போனவன் ஏன் போகவில்லை என்று களஞ்சியம் முழுக்கக் கேட்கும், டிலக்ஷன் கேட்பான், பிறகு ஷெரோன், பிறகு றெஜினா. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. பயமாக இருக்கிறது, அக்கா.

ஜில் ஒரு வழி சொன்னான். "வா, ஆனா துவக்கை வெறுமையா வைச்சிரு. மான் வந்தாலும் சுடாதை." அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே நீங்கள் பயப்படவேண்டாம். றெஜினாவுக்கு மட்டும் சொல்லவேண்டாம். உங்கள் முக்காட்டின்மேல் ஆணை.

அருமை

*

இயேசு மரி சூசை
20.10.2024

என் அருமைத் தம்பிக்கு,

நீ எழுதிய நாலு பக்கத்தையும் வாசிக்க ஒரு பின்னேரம் பிடித்தது. உன்னை மடியில் வைத்திருந்த நாள் ஞாபகம் வந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் முக்காட்டின்மேல் ஆணையிட நீ யார்? நான் பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருவானவர் அல்ல. ஒரு கிழட்டு அக்கா. இரகசியம் காப்பதாக நான் உனக்கு வாக்குத் தரவில்லை.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய், அது விளங்குகிறது. அந்தக் கையோடு ஐந்து மணிக்கு ஒரு பெரிய வண்டியில் ஏறி, கீழே ஆட்கள் நடக்க நடக்க ஓட்டுகிறாய். அதை நினைக்க உனக்குப் பயம் வரவில்லையா? வெறும் துவக்கோடு காட்டுக்குப் போவேன் என்கிறாய். மான் முன்னால் வந்து நிற்கும்போது உனக்கு ரோசம் வரும். உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் தோற்றுப்போன விளையாட்டை விட்டு நீ ஒருநாளும் எழும்பினதில்லை.

போகாதே. காய்ச்சல் என்று படுத்துவிடு. பொய்தான், அந்தப் பொய்க்கு நான் தவம் செய்கிறேன்.

இங்கிருந்து நான் தொலைபேசி எடுக்க முடியாது. மரணச் செய்தி என்றால்தான் மதர் அனுமதிப்பார். மரணச் செய்திக்காகவா நான் காத்திருப்பது? திருவருகைக் காலம் தொடங்கினால் நத்தார்வரை எழுதவும் முடியாது. அதற்கு முன் றெஜினாவுக்கு எழுதத்தான் போகிறேன். அவள் என் கையெழுத்தில் அறிவதற்கு முதல் உன் வாயால் அறியட்டும்.

அக்கா கிறேஸ்

*

இயேசு மரி சூசை
04.11.2024

அன்புள்ள றெஜினாவுக்கு,

மச்சாள் கிறேஸ் எழுதுவது. உமது கால் வீக்கம் எப்படி? ஷெரோனுக்குச் சத்தி எடுப்பது நின்றுவிட்டதா? உங்கள் எல்லோரையும் நாள்தோறும் நற்கருணைக்கு முன் வைக்கிறேன்.

உமக்குத் தனியாக நான் எழுதுவது இதுவே முதல் தடவை. அருமைக்கு வலது கை ஒன்றரை வருடமாக நடுங்குகிறது. நடுக்கு வாதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீர் என்னைவிட நன்றாக அறிவீர். வைத்தியரிடம் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். உமக்குத் தெரியக்கூடாது என்று பொக்கெற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு திரிகிறான். உம்மில் நம்பிக்கை இல்லாமல் அல்ல. உமக்கு முன் சிறுத்துப்போவேன் என்று நினைக்கிறான், ஆண்பிள்ளைகளின் மடைத்தனம்.

அவனைத் திட்டும், ஆனால் விட்டுவிடாதேயும். வேட்டைக்கு அனுப்பாதேயும்.

அன்பு மச்சாள்,
கிறேஸ்

*

மொன்றியல்,
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் நாங்கள் புறப்படுகிறதற்கு முதல் நாள்தான் கிடைத்தது.

வேட்டைக்குப் போய்வந்தோம். மான் கிடைக்கவில்லை. மூன்று பேரும் சுகமாகத் திரும்பினோம். துவக்கை ஜில்லிடமே கொடுத்துவிட்டேன், இனி அந்தப் பேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமை தொடக்கம் இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம். இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியாது. நீங்கள் றெஜினாவுக்கு எழுதியிருந்தால் அதுவும் எங்கோ ஒரு சாக்கில் கிடக்கும்.

அருமை

*

மொன்றியல்,
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்துகள். எழுத்தைப் பார்த்துத் திகைக்கவேண்டாம். நான் சொல்லச் சொல்ல றெஜினா எழுதுகிறாள். அவளுடைய எழுத்து வடிவானது, இனி உங்களுக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

நீங்கள் நவம்பரில் அவளுக்கு எழுதிய கடிதம் முந்தாநாள்தான் வந்தது. வேலைக்குப் புறப்பட்டவள் அதை வாசித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நான் வரும்வரை குசினியில் இருந்திருக்கிறாள். கடிதத்தை என் முன்னால் வைத்தாள். அக்காவுக்கு நானே பதில் எழுதுகிறேன் என்று பேனையை எடுத்தேன். அரைப் பக்கம் எழுதினேன். எனக்கே வாசிக்க முடியவில்லை. "தாங்கோ, நான் எழுதுறன். நீங்கள் சொல்லுங்கோ" என்று வாங்கினாள். திட்டினாள்தான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். (அழுததை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.) வருகிற வியாழக்கிழமை அவளோடு வேலை செய்கிற வைத்தியரிடம் போகிறோம். களஞ்சியத்தில் நாளைக்கே சொல்லிவிடுவேன்.

எல்லாம் சொல்லியாயிற்று என்று அவள் நினைக்கிறாள். இன்னும் ஒன்று இருக்கிறது, அக்கா. அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு மாதமாக வரவில்லை. அவள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடுகிறேன்.

ஜில்லுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அவன் செய்த தோட்டாவில் ஒன்றைப் பொக்கெற்றில் வைத்திருந்தேன். ஜில்லை மேட்டுக்குப் பின்னால் இருத்தி, டிலக்ஷனை எனக்கு இடப்பக்கம் ஓடைக்கு அங்கால் நிறுத்தியிருந்தோம். விடிந்து ஒரு மணித்தியாலத்தில் ஆண் மான் ஒன்று வந்து ஓடைக்கரையில் நின்றது. போன வருடம் தவறவிட்டதிலும் பெரியது. தோட்டாவைப் போட்டேன். நான் நினைத்தது மானையல்ல, அந்த ஒரு டொலர்க் குத்தியை. கை அடங்கி நின்றது. மான் நடந்தது, நானும் துவக்கைத் திருப்பிக்கொண்டே போனேன். பத்து எண்ணும் நேரம் தாண்டிவிட்டது. பிறகு கை குதித்தது, நான் சுட நினைக்குமுன் வெடித்துவிட்டது.

மானுக்கு நேர் பின்னால் டிலக்ஷன் நின்றான். செம்மஞ்சள் உடுப்புப் போட்டிருந்தான். எனக்குத் தெரிந்த இடத்தில்தான் நின்றான். சன்னம் அவன் சாய்ந்து நின்ற மரத்தில் பட்டது. ஓடிப்போனேன். தாடியிலிருந்து மரப்பட்டைத் தூளைத் தட்டிக்கொண்டு நின்றான். "மான் போயிட்டுது, மாமா" என்றான். அவ்வளவுதான். ஜில் வந்து மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இனிச் சுடமுடியாதபடி என் துவக்கின் போல்ட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டான். டிலக்ஷன் இன்றுவரை வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து என்னோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

மச்சாள், இதிலிருந்து நான் றெஜினா. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அதை எழுதவில்லை.

"எவ்வளவு விலகிப் பட்டது?" என்று கேட்டேன். கதவு நிலையில் ஒரு இடத்தைக் காட்டி, இது தலை என்றார். பக்கத்தில் இன்னொரு இடம் காட்டினார். நான் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் வரவில்லை. ஷெரோனுக்கு ஆறு மாதம்.

வருத்தத்தை நான் பார்ப்பேன். அது என் தொழில், எத்தனையோ பேருக்குப் பார்த்தாயிற்று. உடுப்புப் பூட்டிவிடுவேன், தீத்திவிடுவேன், ஒருநாளும் முகம் சுளிக்கமாட்டேன். அதை எழுதித் தருகிறேன். ஆனால் இரண்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு நான் சோறு போட்டு, "என்ன, மாமாவோடை வேட்டைக்குப் போய் வெறுங்கையோடை வந்தியளே" என்று பகிடி விட்டிருக்கிறேன். அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் ஒரு மணிக்கு வருவார்கள். ஷெரோனுக்கு யார் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்பேன். உங்கள் பதில் வர ஒரு மாதமாகும்.

அவர் எனக்கு முன்னால் இருக்கிறார். கையைப் பொக்கெற்றிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறார், மேசை ஆடுகிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். "என்ன எழுதுறாய்? நான் சொன்னதைத்தானே எழுதுறாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

நான் ஓம் என்றேன்.